ஏப்ரல் விடுமுறையில் கண்டி நீச்சல் வகுப்பு: ஹட்டனிலிருந்து பிள்ளைகளை அழைத்துச் சென்ற ஒரு தாயின் மதிப்பீடு

எங்கள் வீடு ஹட்டனிலிருந்து நோர்வூட் போகும் வழியில், காசல்ரீ நீர்த்தேக்கம் கண்ணில் படும் தூரத்தில் இருக்கிறது. ஏழு வயது மகளும் ஐந்து வயது மகனும் அந்தத் தண்ணீரைப் பார்த்தபடிதான் தினமும் பாடசாலை வேனில் போய் வருகிறார்கள். ஆனால் வீட்டில் நீந்தத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்ததைப் பாடசாலையில் படித்தோம். அவருக்குக் கடல் வாசலிலேயே இருந்தது. வன்னிப் பிள்ளைக்குக் குளம் இருக்கிறது. எங்கள் பக்கத்து ஆறுகளோ பாறைக்குப் பாறை மோதி ஓடுபவை. நீர்த்தேக்கங்கள் மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டவை என்பதால் நீர்மட்டம் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். வற்றும் மாதங்களில் கரையோரச் சேற்றில் பெரியவர்களின் கால்களே புதைந்துவிடும். அவற்றில் இறங்கிப் பழகச் சொல்ல முடியாது. எனவே நீச்சல் தடாகத்தைத் தேடிப் போக வேண்டியதாயிற்று.

முதலில் அருகில் இருக்கிறதே என்று நுவரெலியாவில் விசாரித்தோம். ஒரு ஹோட்டலின் உள்ளகத் தடாகத்தில் வெளியார் பிள்ளைகளுக்கும் வகுப்பு நடக்கிறது என்றார்கள். தண்ணீர் சூடேற்றப்பட்டது என்றும் சொன்னார்கள். குழந்தைகளைக் குளிப்பாட்டும்போது தொட்டியில் மிதக்கவிடும் சிறிய வெப்பமானி ஒன்று எங்களிடம் உண்டு. அதைப் போட்டுப் பார்த்தபோது 24 பாகையைக் காட்டியது. வருடச் சராசரி வெப்பநிலையே 16 பாகையளவில் இருக்கும் ஊரில் 24 பாகை என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் உடற்சூட்டை எடுத்துக்கொள்கிறது. சிறு பிள்ளைகளுக்கு உடல் எடையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு அதிகம் என்பதால் அவர்கள் நம்மைவிட விரைவில் குளிர்ந்துவிடுகிறார்கள். பத்தே நிமிடத்தில் மகனின் உதடு நீலம் பாய்ந்து, பற்கள் தந்தியடிக்கத் தொடங்கின. குளிரில் விறைத்த பிள்ளைக்குப் பயிற்றுவிப்பாளர் சொல்வது எதுவும் காதில் விழாது. தொடக்க நிலைப் பிள்ளைகளுக்கு 30 பாகையை ஒட்டிய தண்ணீர்தான் உகந்தது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

அதன்பின் கண்டியில், ஒரு பாடசாலைத் தடாகத்தை விடுமுறை நாட்களில் வாடகைக்கு எடுத்து நடத்தப்படும் வகுப்பைக் கண்டுபிடித்தோம். கீழே குறையும் சொல்ல இருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். ஹட்டனிலிருந்து வட்டவளை, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்குப் பேருந்தில் தினமும் போய் வருவது பிள்ளைகளால் ஆகாத காரியம். பேராதனையில் அக்கா வீடு இருந்ததால் தப்பித்தோம். அப்படி ஒரு வீடு இல்லாதவர்கள் அறை வாடகையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டே முடிவெடுக்க வேண்டும். வகுப்புக் கட்டணத்தைவிட அதுதான் கூடுதலாக வரும்.

பத்து வகுப்புகளுக்கு ஒரு பிள்ளைக்கு 9,000 ரூபா, பதிவுக்கு 500 ரூபா. ஒவ்வொரு வகுப்பும் 45 நிமிடம். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பயிற்றுவிப்பாளர் என்று சொன்னார்கள். முதல் நாள் எண்ணிப் பார்த்தேன், ஐந்துதான் இருந்தார்கள். தடாகத்துக்கு வெளியே, தண்ணீரில் இறங்காமல், விசிலோடு இன்னொருவர் நின்றார். எனக்கு இந்த மனிதர்தான் முக்கியமாகத் தெரிந்தார். மூழ்கும் பிள்ளை கத்திக் கூப்பிடாது. வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய்வரும்போது கத்துவதற்கு மூச்சே இருக்காது. பக்கத்துப் பிள்ளையின் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பவரின் கண்ணில் அது படாமல் போகலாம். கரையில் நிற்பவருக்கு அதைக் கவனிப்பதைத் தவிர வேறு வேலை இருக்கக் கூடாது. இங்கே இருந்தவர் பத்து நாளும் கைத்தொலைபேசியை வெளியே எடுக்கவில்லை. ஓரமாக உட்கார்ந்திருந்த பெற்றோரைப் பற்றி, என்னையும் சேர்த்து, அப்படிச் சொல்ல முடியாது.

கற்பிக்கும் முறைதான் இந்த வகுப்பின் பலம். கடையில் ஆசையாக வாங்கிய காற்றடைத்த கைப்பட்டைகளைப் பார்த்ததும் பையிலேயே வைத்துவிடச் சொன்னார்கள். எனக்குச் சற்று மனவருத்தம். ஆனால் காரணம் நியாயமானது. கைப்பட்டை போட்ட பிள்ளை தண்ணீரில் செங்குத்தாகத் தொங்கப் பழகிவிடும். நீந்துவதற்கோ உடல் கிடையாகப் படுக்க வேண்டும். அதோடு, பட்டை இருப்பதை மறந்து தன்னால் முடியும் என்ற நினைப்பில், பட்டையில்லாத நாளிலும் குதித்துவிடும். முதல் மூன்று வகுப்புகளிலும் ஒரு பிள்ளையும் கையை வீசி நீந்தவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக் குமிழி விடுவது, படியிலிருந்து இறங்கித் திரும்பவும் அதே படியைத் தேடிப் பிடிப்பது, மல்லாந்து மிதப்பது, இவ்வளவுதான். காசு கட்டிவிட்டு இதையா பார்த்துக்கொண்டிருப்பது என்று பக்கத்தில் இருந்த ஒரு தந்தை முணுமுணுத்தார்.

மல்லாந்து மிதப்பதை மகள் கற்ற விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான்காம் நாள் வரை அவள் கழுத்தை விறைப்பாக வைத்து, வானத்தைப் பார்ப்பதற்குப் பதில் தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலை உயர்ந்தால் இடுப்புத் தாழும் என்பதால் ஒவ்வொரு முறையும் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். பயிற்றுவிப்பாளர் திட்டவில்லை. அவளுடைய பின்னந்தலைக்குக் கீழே உள்ளங்கையை வைத்து, காது இரண்டும் தண்ணீருக்குள் போகும்வரை காத்திருந்தார். பிறகு உள்ளங்கை நான்கு விரலாயிற்று, நான்கு இரண்டாயிற்று, கடைசியில் விரல்கள் தொடுகின்றனவா இல்லையா என்று கரையிலிருந்த எனக்கே தெரியவில்லை. கையை எடுத்து இருபதுவரை எண்ணிய பிறகுதான் அவளிடம் சொன்னார். அவள் உடனே பயந்து மூழ்கி, இருமி எழுந்து, இன்னொரு முறை என்று கேட்டாள்.

வகுப்பு பெரும்பாலும் சிங்களத்தில் நடந்தது. தோட்டப்புறத் தமிழ்ப் பாடசாலையில் படிக்கும் பிள்ளைக்கு இது சிறிய விடயமன்று. தண்ணீருக்குள் இருக்கும்போது ஒரு கட்டளை புரியாமல் போவது ஆபத்தும்கூட. உதவிப் பயிற்றுவிப்பாளராக இருந்த இளம் பெண் தமிழ் பேசக்கூடியவர் என்பது எங்கள் அதிர்ஷ்டம். கேட்டுக்கொண்டதும் என் பிள்ளைகள் இருவரையும் அவருடைய குழுவுக்கு மாற்றினார்கள். இப்போது மகன் குளியலறையில் முகத்தைக் கழுவும்போதெல்லாம் "ஹுஸ்ம கன்ன, ஹுஸ்ம கன்ன" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். மூச்செடு என்று அர்த்தம். தமிழ் பேசும் பயிற்றுவிப்பாளர் இருக்கிறாரா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள், அவர்களாகவே வந்து சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் தாய்மாருக்கும் ஒரு தகவல். முழங்கை வரையும் முழங்கால் வரையும் மூடிய நீச்சலுடையை அனுமதிக்கிறார்கள். பருத்திச் சட்டையை மட்டும் அனுமதிப்பதில்லை, நனைந்தால் பாரமாகி இழுக்கும் என்பதே காரணம். உடைமாற்றும் அறைகள் தனித்தனியாக இருக்கின்றன. ஆனால் பெண்கள் பகுதியில் ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, பத்து நாளும் ஒரு தாய் வெளியே நின்று காவல் காத்தார். தலைக்கு எண்ணெய் வைத்து வரக் கூடாது என்பது இன்னொரு விதி. என் மாமியார் குளோரின் முடியைக் கெடுத்துவிடும் என்று மகளின் தலையில் தேங்காயெண்ணெயை வழிய வழியத் தடவி அனுப்பினார். தொப்பி வழுக்கி மூன்று முறை தண்ணீரில் மிதந்தது, குளியலறைக்கு அனுப்பிச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வைத்துவிட்டார்கள். மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு அருகில் மலிவாக வாங்கிய நீச்சல் கண்ணாடி இரண்டாம் நாளே ஒழுகியது. இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

தண்ணீரின் சுத்தத்தில் குறை காணவில்லை. ஆழமான பகுதியின் அடியிலுள்ள வடிகால் மூடியின் துளைகள் கரையிலிருந்தே தெளிவாகத் தெரிந்தன. காலையில் குளோரினைச் சோதித்து எழுதும் பலகை ஒன்றும் தொங்கியது. மூக்கைத் துளைக்கும் குளோரின் நெடி அடித்தால் தண்ணீர் சுத்தம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேரும்போது எழுவதே அந்த நெடி. இங்கே அது அதிகம் இல்லை. காலை எட்டு மணிக்கு எங்கள் வெப்பமானி 27 பாகையைக் காட்டியது, பிற்பகல் மூன்று மணிக்கு 29.

அந்த 29 பாகைக்கு ஆசைப்பட்டுத்தான் பிற்பகல் வகுப்பைத் தேர்ந்தேன். அதுவே பிழையாகப் போயிற்று. ஏப்ரல் மாதத்தில் மத்திய மலைநாட்டின் வானம் எப்படியிருக்கும் என்பது இங்கே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாததா? காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும், இரண்டு மணிக்கு மேல் மேகம் திரண்டு இடிமுழக்கத்தோடு மழை கொட்டும். இடி கேட்டவுடன் பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து வெளியேற்றினார்கள். அது முற்றிலும் சரி. ஆனால் பத்து வகுப்புகளில் மூன்று அப்படிப் பாதியில் நின்றன, அவற்றுள் ஒன்று தொடங்கிய ஏழாம் நிமிடத்தில். ஈடாக வேறு நாள் தருவீர்களா என்று கேட்டபோது, தண்ணீரில் இறங்கினால் அது ஒரு வகுப்பாகக் கணக்கிடப்படும் என்று அலுவலகத்தில் பதில் வந்தது. பற்றுச்சீட்டின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். அப்படி ஒரு விதி எழுதப்படவில்லை. புத்தாண்டுக்காக இடையில் ஒரு வாரம் மூடுவதையும் முன்பே சொல்லவில்லை. அதனால் கடைசி இரண்டு வகுப்புகள் பாடசாலை தொடங்கும் வாரத்தில் விழுந்தன. அவற்றுக்காக அக்கா வீட்டில் மேலும் தங்க நேர்ந்தது.

பத்து வகுப்புகளின் முடிவில் மகள் கைத்தாங்கல் இல்லாமல் மல்லாந்து மிதக்கிறாள், தவறி விழுந்தால் திரும்பிச் சுவரைப் பிடிக்கிறாள், பலகையைப் பிடித்துக் காலடித்து அகலவாக்கில் தடாகத்தைக் கடக்கிறாள். மகன் முகத்தை நனைக்கப் பழகியிருக்கிறான், அவ்வளவுதான். ஐந்து வயதில் அது போதும் என்று அந்த உதவிப் பயிற்றுவிப்பாளர் சொன்னார், நானும் ஏற்றுக்கொள்கிறேன். இவர்களை இப்போது காசல்ரீ கரையில் விடலாமா என்று கணவர் விளையாட்டாகக் கேட்டதற்கு நான் சிரிக்கவில்லை. வெதுவெதுப்பான, அடி தெரியும் தண்ணீரில் மிதக்கும் பிள்ளை, சில்லிட்ட நீர்த்தேக்கத்தில் விழுந்தால் முதல் நொடியிலேயே திகைத்து மூச்சை உள்ளிழுத்துவிடும். அதற்கான பயிற்சியை இந்த வகுப்பில் தருவதில்லை, தருவதாக அவர்கள் சொல்லவும் இல்லை.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுப்பேன். கற்பித்தலுக்கு மட்டுமென்றால் நாலரை. ஆகஸ்ட் விடுமுறைக்கு மகனை மீண்டும் சேர்க்க எண்ணியிருக்கிறேன், இம்முறை காலை எட்டு மணிக் குழுவில். கட்டணம் செலுத்தும் முன், மழை நாள் வகுப்புக்கு என்ன ஈடு என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதித் தரும்படி கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.