ஃப்ரீசர் மீனில் கவுச்சி: பாசா, வஞ்சிரம், மத்தி, கெண்டை, எதை வாங்கலாம்?

எலுமிச்சை பிழிந்து, மஞ்சள் பூசி, இஞ்சி பூண்டு விழுதை இரட்டிப்பாகப் போட்டும் ஃப்ரீசர் மீனின் வாடை போகவில்லை என்றால், பெரும்பாலும் வைத்தியம் மாறிப்போயிருக்கும். நாம் பொதுவாக "கவுச்சி" என்று சொல்வதற்குள் மூன்று தனித்தனி வாடைகள் இருக்கின்றன. ஒன்றுக்குச் செய்யும் வேலை இன்னொன்றுக்குப் பலிக்காது.

முதலாவது அசல் கவுச்சி. கடல் மீனின் சதையில் ட்ரைமெத்தில் அமைன் ஆக்சைடு என்ற பொருள் இயல்பாகவே உண்டு. அதற்கு வாடை கிடையாது. மீன் செத்த பிறகு பாக்டீரியா அதை ட்ரைமெத்தில் அமைனாக மாற்றும்போதுதான் மூக்கில் ஏறும் நெடி வருகிறது. இது காரத்தன்மை உள்ள பொருள் என்பதால், புளிப்பு பட்டதும் ஆவியாக எழாமல் அடங்கிவிடும். இரண்டாவது சிக்கு வாடை. மீனின் கொழுப்பு காற்றுப் பட்டுக் கெடுவதால் வருவது. பழைய எண்ணெயின் நாற்றம்தான் இதுவும். புளிப்பு இதை ஒன்றும் செய்யாது. மூன்றாவது சேற்று வாடை. குளத்து மீனில் வருவது. மழை பெய்ததும் எழும் மண் வாசனையில் இருக்கும் ஜியோஸ்மின்தான் இதற்கும் முக்கியக் காரணம். மீனின் கொழுப்பில் போய்த் தங்கும். புளிப்பில் ஓரளவு சிதையும்.

-18 டிகிரியில் பாக்டீரியா வேலை செய்யாது. அதனால் ஃப்ரீசருக்குள் கவுச்சி கூடுவதில்லை. உள்ளே போன அன்று எவ்வளவு இருந்ததோ அவ்வளவே வெளியே வரும். சிக்கு மட்டும் உறைந்த நிலையிலும் மெதுவாக வளர்ந்துகொண்டே இருக்கும். கொழுப்பு குறைந்த மீனுக்கு 6 முதல் 8 மாதம் வரை தாங்கும் ஃப்ரீசர், கொழுப்பு மீனுக்கு 2 அல்லது 3 மாதம்தான் தாங்கும். கீழே சொல்லும் நான்கு மீன்களின் தேர்வும் இந்த ஒரு கணக்கைச் சுற்றியே வருகிறது.

பாசாவும் வஞ்சிரமும்

வாடையே பிடிக்காத வீட்டுக்கு, குழந்தைகளுக்கு, முதல்முறை மீன் சாப்பிடுபவருக்கு பாசா ஃபில்லே நல்ல தொடக்கம். நன்னீரில் வளர்க்கப்படும் மீன் என்பதால் அமைன் ஆக்சைடு மிகக் குறைவு; அசல் கவுச்சிக்கு வழியே இல்லை. தோல் இல்லை, முள் இல்லை. இதன் குறை வேறு: தண்ணீர். எடையைப் பிடித்துவைக்க பாஸ்பேட் கரைசலில் ஊறவைத்த ஃபில்லேக்கள் சந்தையில் சாதாரணம். பாக்கெட்டின் பின்புறம் ஐஎன்எஸ் 451, 452 என்று போட்டிருந்தால் அதுதான். அப்படிப்பட்ட ஃபில்லே கடாயில் போட்டதும் தண்ணீர் விட்டு வேகும், வறுபடாது. மசாலா தோலுரிந்து எண்ணெயில் மிதக்கும். சதை ரப்பர் மாதிரி வழுக்கும். உட்பொருள் வரிசையில் "மீன்" என்று மட்டும் இருக்கும் பாக்கெட்டைத் தேடி வாங்குங்கள், விலை கூடுதலானாலும். வெள்ளை அல்லது இளஞ்சிவப்புச் சதை நல்லது. மஞ்சள் படர்ந்திருந்தால் கொழுப்பு அதிகம், சேற்று வாடைக்கும் சிக்குக்கும் இடம் அதிகம்.

வஞ்சிரத்தின் ருசி பாசாவுக்கு வராது, இதில் விவாதம் வேண்டாம். ஆனால் ஃப்ரீசர் வஞ்சிரம் வாங்குவதில் கவனம் வேண்டும். துண்டின் நடுவில், முள்ளை ஒட்டி, இரு பக்கமும் ஒரு கருஞ்சிவப்புச் சதை ஓடும். மீனின் கொழுப்பும் ரத்தமும் செறிந்த இடம் அது. சிக்கு முதலில் பிடிப்பதும் அங்கேதான். நல்ல துண்டில் அது சிவப்பாகவோ அடர் மெரூனாகவோ இருக்கும். காப்பித்தூள் நிறத்துக்குப் போயிருந்தால் நாளாகிவிட்டது, எடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்க்க நேர்ந்தது என்றால், பனி விட்டதும் அந்தச் சதையைக் கத்தி நுனியால் தோண்டி எடுத்துவிடுங்கள். பாதிப் பிரச்சினை அதோடு போகும். வயிற்று ஓரத்து மெல்லிய சதையில் துருப்பிடித்த மாதிரி மஞ்சள் கோடு தெரிந்தால் அதையும் வெட்டிப் போடலாம்.

துண்டின் கனத்தையும் பாருங்கள். ஒன்றரை செ.மீ. கனம் நல்லது. மெல்லிய துண்டு ஃப்ரீசரிலேயே காய்ந்து ஓரங்களில் வெள்ளைத் திட்டு விழும். அந்தத் திட்டு எத்தனை மசாலா போட்டாலும் பஞ்சு மாதிரி மெல்லும்.

மத்தியும் கெண்டையும்

மத்தியை (தெற்கே சாளை) ஃப்ரீசரில் வாங்கவே வேண்டாம் என்பதுதான் நேரான பதில். நெய் ஊறிய மீன். அந்த நெய்தான் அதன் ருசி, அதுவே ஃப்ரீசரில் அதன் எதிரி. வேறு வழியில்லை என்றால், உறையவைத்து 2 மாதம் தாண்டாததாக, ஐஸ் பூச்சு முழுதாக மூடியதாகப் பாருங்கள். வயிறு வெடித்த மீன் கலந்திருந்தால் ஒதுக்குங்கள்: குடல் நொதிகள் உறைவதற்கு முன்பே சதையைத் தின்றிருக்கும். சுத்தம் செய்யும்போது வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புச் சவ்வையும், முதுகெலும்பை ஒட்டிய ரத்த வரியையும் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்தால் கசப்பும் வாடையும் கணிசமாகக் குறையும்.

மத்தி, அயிலை, சூரை மூன்றுக்கும் ஓர் எச்சரிக்கை. இவை உறைவதற்கு முன் வெயிலில் கிடந்திருந்தால் ஹிஸ்டமின் உருவாகும். உறையவைத்தாலும் கொதிக்கவைத்தாலும் அது போகாது. வாயில் வைத்ததும் மிளகு கடித்த மாதிரி நாக்கு சுரீரென்றால் துப்பிவிட்டு மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். முகம் சிவந்து தடிப்பு கிளம்பினால் மருத்துவரிடம் போக வேண்டும்.

கெண்டை (ரோகு, கட்லா) விலை மலிவு, பெரும்பாலும் ஆந்திர வளர்ப்புக் குளங்களின் வரத்து. கவுச்சி குறைவு, சேறுதான் சிக்கல். கழுவினால் போகாது, ஏனென்றால் அது சதைக்குள் இருக்கிறது. தோலை உரித்து, வயிற்றுக் கொழுப்பை நீக்கி, எலுமிச்சை அளவு புளியை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து அதில் 15 நிமிடம் போட்டால் பெரும்பகுதி அடங்கும். பொடிமுள் தனித் தொல்லை.

சுறா, திருக்கை இரண்டையும் ஃப்ரீசரில் தவிர்த்துவிடலாம். அவற்றின் சதையில் யூரியா உண்டு. கொஞ்சம் தாமதித்தாலும் அம்மோனியா நெடி ஏறும்.

ஆக, வாடை குறைவு என்ற ஒரே அளவுகோலில் நிறுத்தினால் பாசா, வஞ்சிரம், கெண்டை, மத்தி என்பது எங்கள் வரிசை. ருசியில் வரிசை வஞ்சிரத்தில் தொடங்கும். பணம் ஒத்துவந்தால் வஞ்சிரம். வாரம் இருமுறை எண்ணெயில் பொரிக்க பாசா.

கடையில் கையில் எடுத்ததும்

பாக்கெட்டைக் குலுக்குங்கள். தனித்தனியாக உறைந்த துண்டுகள் கலகலவென்று ஆட வேண்டும். ஒரே கட்டியாக ஒட்டியிருந்தால் வழியில் எங்கோ உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அந்த இடைவெளியில்தான் கவுச்சி பிறக்கிறது. உள்ளே தூள் பனி குவிந்திருப்பதும் கெட்ட அறிகுறி: வெப்பநிலை ஏறி இறங்கியதால் மீனின் ஈரம் வெளியேறிப் பனியாகியிருக்கிறது. இதை ஐஸ் பூச்சோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பூச்சு கண்ணாடி மாதிரி மீனை ஒட்டி இருக்கும், காற்றைத் தடுக்கும், அது வேண்டியதுதான். எடைக்கணக்கில் மட்டும் ஏமாறக் கூடாது. பூச்சோடு 1 கிலோ, பூச்சு 20 சதவீதம் என்றால் மீன் 800 கிராம். கிலோ 500 ரூபாய் என்று வாங்கியது உண்மையில் கிலோ 625.

திறந்த பெட்டி ஃப்ரீசராக இருந்தால், பக்கச் சுவரில் போட்டிருக்கும் கோட்டுக்கு மேலே அடுக்கியதை எடுக்காமல் அடியிலிருந்து எடுங்கள். மற்ற சாமான்களை முடித்துவிட்டுக் கடைசியாக மீன் பக்கம் போங்கள்.

சந்தையில் ஐஸ் போட்டு வைத்திருக்கும் மீனா, ஃப்ரீசர் மீனா என்ற கேள்விக்கு மாதத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். தமிழகக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாட்களில் "இன்னைக்கு வந்தது" என்று தட்டில் பளபளக்கும் பெரிய வஞ்சிரம் வெளியூரிலிருந்து பல நாள் ஐஸில் பயணம் செய்ததாகவோ, உறைந்து உருகியதாகவோ இருக்க வாய்ப்பு உண்டு. அப்போது ஒழுங்காக உறைந்த பாக்கெட்டே மேல். தடைக்காலம் முடிந்து வரத்து நிறைந்த நாட்களில் கண்ணும் செவுளும் பார்த்து வாங்கும் மீனுக்கு ஃப்ரீசர் ஈடாகாது.

வாங்கிய பச்சை மீனை வீட்டு ஃப்ரீசரில் வைப்பது வேறு கதை. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல்பெட்டி பல வீடுகளில் -18ஐத் தொடுவதே இல்லை, மின்வெட்டு வேறு. மெதுவாக உறைவதால் பனிப்படிகம் பெரிதாக வளர்ந்து சதையைக் கிழிக்கும். உருகும்போது சாறெல்லாம் வடியும். வைத்தே ஆக வேண்டும் என்றால் கழுவித் துடைத்து, ஒருவேளைக்கு வேண்டியதை மட்டும் தட்டையாகப் பரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி, 3 வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

பனி விடுவதில்தான் பலர் கெடுக்கிறார்கள்

சமையல் மேடையில் காலையில் எடுத்துவைத்து மதியம் சமைப்பதுதான் வழக்கம். வெளியே 34 டிகிரி இருக்கும் ஊரில் நடுவில் ஐஸ் கரைவதற்குள் மேல்சதை இரண்டு மணி நேரம் சூட்டில் கிடக்கும். ஃப்ரீசர் தூங்கவைத்த பாக்டீரியா அங்கே விழித்துக்கொள்கிறது. முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், வடிகட்டிக் கூடையில் மீனை வைத்து அடியில் ஒரு கிண்ணம் வைப்பதுதான் சரியான வழி. அரை கிலோவுக்கு 8 முதல் 12 மணி நேரம். கூடை முக்கியம்: வடிந்த நீரிலேயே மீன் ஊறினால் எந்த மசாலாவும் காப்பாற்றாது. காற்றில்லாப் பாக்கெட்டாக இருந்தால் உருகவிடும் முன் வெட்டித் திறந்துவிடுங்கள். காற்றில்லாத இடத்தில் மட்டும் வளரும் நச்சுக்கிருமிக்கு அந்த மூடிய பை வசதியானது.

அவசரமா? மீனை நீர் புகாத பையில் கட்டி, குளிர்ந்த தண்ணீரில் மூழ்கவைத்து, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். அரை கிலோ முக்கால் மணியில் தயாராகிவிடும். வெந்நீர் வேண்டவே வேண்டாம். மைக்ரோவேவில் ஓரம் வெந்து நடு உறைந்தே இருக்கும். குழம்புக்கான பாசாவை மட்டும் பனியோடே கொதிக்கும் குழம்பில் போடலாம்; வழக்கத்தைவிட 3, 4 நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும்.

எலுமிச்சையா, பாலா, உப்பு நீரா?

எல்லா மீனுக்கும் முதலில் உப்பு நீர்: ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் 30 கிராம் கல் உப்பு, 10 நிமிடம். மேலே தங்கிய ரத்தமும் பிசுக்கும் கழன்றுவிடும், சதையும் இறுகும். பிறகு துணியால் ஒற்றி ஈரம் எடுக்க வேண்டும். கடல் மீனுக்கு அடுத்தது எலுமிச்சைச் சாறு, அரை கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி. 10 நிமிடத்துக்கு மேல் போனால் புளிப்பே சதையை வேகவைத்து சுண்ணாம்பு மாதிரி ஆக்கிவிடும். பால் மென்மையான வழி: 20 நிமிடம் ஊறினால் அதன் புரதம் அமைனைப் பிடித்துக்கொள்ளும், புளிப்புச் சுவை ஏறாது; மிளகும் உப்பும் மட்டும் போட்டு வறுக்கும் வஞ்சிரத்துக்கு இதுவே பொருத்தம். மஞ்சள் தூள் நிறத்துக்கும் மணத்துக்கும் உதவும், வாடையை அகற்றுவதில் அதற்குப் பெரிய பங்கில்லை. சிக்கு பிடித்த மீனுக்கு இவை எதுவும் மருந்தாகாது. கருஞ்சதையை வெட்டி எறிவது, அல்லது மீனையே விடுவது.

அடுப்பில்

வஞ்சிரம் வறுவலுக்கு அரை கிலோவுக்கு மிளகாய்த்தூள் 2 தேக்கரண்டி, மல்லித்தூள் 1, மஞ்சள் அரை, உப்பு 1, இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, அரிசி மாவு ஒரு மேசைக்கரண்டி. தண்ணீர் சேர்க்காமல் ஒரு கரண்டி எண்ணெயில் குழைத்துப் பூசி, 20 நிமிடம் ஃப்ரிட்ஜில். மிதமான தீ, பக்கத்துக்கு 4 நிமிடம். எண்ணெய் நன்றாகக் காயுமுன் போட்டால் மசாலா தவாவில் ஒட்டிக்கொள்ளும். தவாவை நிரப்பவும் கூடாது. உறைந்து உருகிய மீன் எப்படியும் நீர் விடும், நெருக்கினால் அந்த ஆவியிலேயே வேகும்.

பாசாவை விரல் கனத்துக்கு வெட்டி, அரைத் தேக்கரண்டி உப்பு தூவி 10 நிமிடம் விட்டு, வெளிவந்த நீரை இரு துணிக்கு நடுவே அழுத்தி எடுத்த பிறகே மசாலா. சோளமாவும் அரிசி மாவும் சரிபாதி. நல்ல சூட்டில் மொத்தம் 3, 4 நிமிடம் போதும். குழம்பில் போட்டால் கரைந்துபோகும். அதைத்தான் செய்ய வேண்டும் என்றால் கடைசி 5 நிமிடத்தில் போட்டு, கரண்டி போடாமல் சட்டியைச் சுழற்றுங்கள்.

மத்திக்கு வறுவலைவிடக் குழம்பே சரி: புளியும் மாங்காயும் சேர்ந்த, வெந்தயம் தாளித்த குழம்பு. கெண்டையை முதலில் மொறுமொறுவென்று பொரித்துவிட்டுக் கடுகு அரைத்த குழம்பில் இறக்கினால் மிச்ச மண் வாடையும் அடங்கும்.

மறுநாளுக்கு மிச்சம் வைப்பதிலும் இவை ஒன்றல்ல. மண்சட்டியில் வைத்த மத்திக் குழம்பு அடுத்த நாள் இன்னும் கூடுதல் ருசி. ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்து, ஒருமுறை மட்டும் கொதிக்கவைத்தால் போதும். வறுத்த வஞ்சிரத்தை மறுபடி சூடாக்கினால், முதல் நாள் இல்லாத சிக்கு வாடை கிளம்பும். அதைச் சூடாக்காமல் உதிர்த்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்த்துருவலோடு புட்டாகக் கிளறிவிடுங்கள். பாசாவை அன்றே தீர்த்துவிட வேண்டும்.