உறைந்த எலியைப் பாம்புக்கு இளக்கிக் கொடுக்க எந்த வழி நல்லது?

வளர்ப்புப் பாம்புக்கு உறைந்த எலியை இரையாகக் கொடுப்பவர்கள் உண்மையில் இரண்டு வேலைகளைச் செய்கிறார்கள். பலர் அதை ஒரே வேலையாக எண்ணிக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. எலியின் உள்வயிறு வரை இறுகிக் கிடக்கும் பனியை இளக்குவது முதல் வேலை. இளகிய உடலைப் பாம்பு இரையென்று நம்பும் அளவுக்குச் சூடேற்றுவது இரண்டாவது வேலை. முதலாவதற்குக் குளிர்ச்சியும் பொறுமையும் தேவை. இரண்டாவதற்கு வெப்பம் தேவை, அதுவும் சில நிமிடங்களுக்குத்தான். புழக்கத்தில் இருக்கும் வழிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றே: இந்த வழி இரண்டு வேலைகளையும் பிரித்துச் செய்கிறதா, அல்லது ஒரே சூட்டில் முடித்துவிடப் பார்க்கிறதா?

பனி இளகுவது ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பனிக்கட்டி வெப்பத்தைக் கடத்தும் திறன், தண்ணீரின் திறனைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. அதனால் ஒரு பொருள் உறையும்போது, வெளியே உருவாகும் பனி உள்ளிருக்கும் வெப்பத்தை விரைவாக வெளியே விட்டுவிடுகிறது. இளகும்போது நிலைமை தலைகீழ். முதலில் இளகிய வெளிப்பகுதி ஒரு தடுப்பாக மாறி, வெப்பம் உள்ளே போவதைத் தாமதப்படுத்துகிறது. எனவே தொட்டுப் பார்த்தால் மெத்தென்று இருக்கும் எலியின் நடுவில் இன்னும் கல்போலப் பனி இருக்கலாம்.

இறைச்சித் துண்டுக்கும் எலிக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. எலி குடலோடு முழுசாக வருகிறது. அந்தக் குடலில் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. உறைய வைப்பது அவற்றைக் கொன்றுவிடாது. பெருகாமல் நிறுத்தி மட்டுமே வைக்கும். மனிதருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவும் அப்படித்தான். அமெரிக்காவில் 2010-லும் 2014-லும் மனிதர்களிடையே பரவிய சால்மோனெல்லா நோய்க்கு உறைந்த இரை எலிகளே காரணம் என்று அங்குள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையம் கண்டறிந்தது. உணவுப் பாதுகாப்பில் 4 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையை ஆபத்தான இடைவெளி என்பார்கள். பாக்டீரியாக்கள் விரைந்து பெருகும் இடைவெளி அது. எலியின் வெளிப்பகுதி அந்த இடைவெளியில் எவ்வளவு நேரம் கிடக்கிறது என்பதை வைத்தே ஒவ்வொரு வழியையும் எடைபோட வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டி

எனக்கு எல்லாவற்றிலும் முதலிடம் இதற்குத்தான். ஃப்ரீசரில் இருந்து எடுத்த எலியைக் காற்றுப் புகாத பையில் போட்டு, அதை மூடியுள்ள டப்பாவில் வைத்து, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் விட்டுவிட வேண்டும். சுண்டெலி என்றால் ஓர் இரவு போதும். வளர்ந்த பெரிய எலிக்கு ஒரு முழு நாள் தேவை. மிகப் பெரியதாக இருந்தால் அதற்கு மேலும் ஆகும். வெளிப்பகுதி முழுக்க இளகிய பிறகும் 4 டிகிரியை ஒட்டியே இருப்பதால், உள்ளே பனி இளகக் காத்திருக்கும் நேரம் முழுவதும் பாக்டீரியாக்கள் மந்தமாகவே இருக்கும். வேறு எந்த வழியும் இந்த உறுதியைத் தருவதில்லை.

குறை என்னவென்றால், நாளைக்குப் பாம்புக்கு இரை போட வேண்டும் என்பது இன்றைக்கே நினைவுக்கு வர வேண்டும். இன்னொன்று, மனிதர் சாப்பிடும் உணவு இருக்கும் பெட்டியில் எலியை வைப்பது. தனியாக ஒரு சிறிய ஃப்ரிட்ஜ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், கசியாத டப்பா என்பதில் எந்தச் சமரசமும் கூடாது. கீழ்த்தட்டு என்று சொல்வதற்கும் காரணம் உண்டு: தப்பித்தவறிக் கசிந்தாலும் கீழே வேறு உணவு இருக்காது.

ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த எலி இளகியிருக்கும், ஆனால் சில்லென்று இருக்கும். அப்போதுதான் இரண்டாவது வேலை. பையோடு அப்படியே 40 முதல் 45 டிகிரி வெந்நீரில் பத்து முதல் இருபது நிமிடம் மூழ்க வைத்தால் போதும். கையை வைத்தால் நன்றாகச் சுடும், ஆனால் கையை எடுக்கத் தோன்றாது என்ற அளவுச் சூடு அது.

குளிர்ந்த நீர்

முன்கூட்டியே எடுத்து வைக்க முடியாத நாளில் இதுதான் அடுத்த சிறந்த வழி. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துகிறது. ஆகவே நீர் குளிர்ந்திருந்தாலும் வேலை விரைவாக நடக்கிறது. ரோமம் முளைக்காத குட்டிகள் கால் மணி நேரத்திற்குள் இளகிவிடும். வளர்ந்த சுண்டெலிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம், பெரிய எலிக்கு இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். அரைமணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். பை மிதக்கும் என்பதால் மேலே ஒரு கனமான தட்டை வைத்து முழுவதும் அமிழ்த்திவிடுங்கள். மிதக்கும் எலியின் ஒரு பக்கம் மட்டும் இளகும். மறுபக்கம் உறைந்தே கிடக்கும்.

பையில் போடாமல் நேரடியாக நீரில் போடுவது நல்லதா என்று பாம்பு வளர்ப்பவர்களிடையே ஓயாத வாதம் உண்டு. நேரடியாகப் போட்டால் சீக்கிரம் இளகும். நனைந்த ரோமத்தோடு கொஞ்சம் தண்ணீரும் பாம்பின் வயிற்றுக்குள் போகும் என்பது ஒரு தரப்பு. அது உண்மைதான். ஆனால் மறுதரப்பின் வாதம் எனக்கு வலுவாகப் படுகிறது. நனைந்த எலியின் வாசனை குறைகிறது. இரையை வாசனையால் தேடும் பாம்புக்கு அது இழப்பு. ஈரமான ரோமத்தில் கூண்டின் மரத்தூளும் நார்த்துகளும் அப்பிக்கொள்ளும். பாம்பு அவற்றையும் சேர்த்து விழுங்கும். எல்லாவற்றையும்விட, எலி ஊறிய தண்ணீர் முழுவதும் பாக்டீரியாக்கள் கலந்த தண்ணீராகிவிடுகிறது. அதைக் கொட்டும்போது தெறிக்கும் ஒவ்வொரு துளியும் எங்கே விழுகிறது என்று யாராலும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எனவே பைதான் என் தேர்வு. பாம்புக்கு நீர் குறைவாகப் போகிறதே என்ற கவலை இருந்தால், கொடுப்பதற்குச் சற்று முன் எலியை ஒரு முறை சுத்தமான நீரில் தோய்த்து எடுத்தால் போதும்.

நேரடியாக வெந்நீர்

அதிகம் பேர் செய்வது இதுதான். நான் அதிகம் கவலைப்படுவதும் இதைப் பற்றித்தான். குட்டிச் சுண்டெலிகளுக்கு இதில் தவறு ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று கிராம் எடையுள்ள உடலில் வெளி என்றும் உள் என்றும் பெரிய இடைவெளி கிடையாது; சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். 300 கிராம் எலியை அப்படியே வெந்நீரில் போடும்போது கதை வேறு. அதன் தோலும் வயிற்றுச் சுவரும் பாக்டீரியாக்களுக்கு மிகவும் பிடித்த சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடக்கும். உள்ளே பனி அப்படியே இருக்கும். தண்ணீர் ஆறுகிறது என்று சிலர் கொதிநீரை ஊற்றுவார்கள். அப்போது தோல் வெந்து உரியும், வயிறு மென்மையாகி, பாம்பு கவ்வும் நேரத்தில் கிழியும். இரை சிறியதா பெரியதா என்பதே இங்கே முடிவு செய்கிறது. நம்மிடம் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

அறையில் திறந்து வைப்பது

நீண்ட காலமாக வளர்ப்பவர்களில் பலர் சுண்டெலிகளை இப்படித்தான் இளக்குகிறார்கள். சிறிய எலி, குளிர்ச்சியான அறை, இரண்டு மணி நேரத்துக்குள் வேலை முடிவது ஆகிய மூன்றும் கூடி வந்தால் பெரிய கேடு வருவதில்லை. ஆனால் அறையின் வெப்பநிலை நாளுக்கு நாள் மாறும். குளிர்காலத்தில் சரியாக வந்த கணக்கு கோடையில் பிழையாகும். காலையில் எடுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போய் மாலையில் வந்து கொடுப்பதை எந்த அளவு எலிக்கும் நான் ஏற்கமாட்டேன்.

மைக்ரோவேவ்

வேண்டாம். பனிக்கட்டியைவிடத் திரவ நீர் நுண்ணலையை மிக அதிகமாக உறிஞ்சும். முதலில் எந்த இடம் இளகுகிறதோ அந்த இடமே மேலும் மேலும் சூடாகி வெந்துபோகும். பக்கத்திலேயே பனி இருக்கும். வயிறு வெடிப்பதும் உண்டு. நாம் சாப்பிடும் உணவைச் சூடாக்கும் அடுப்பு அது என்பது தனிக் காரணம்.

ஹேர் டிரையரையும் வெப்ப விளக்கையும் இளக்கும் கருவிகளின் வரிசையில் சேர்ப்பது சரியல்ல. அவை மேற்பரப்பை மட்டுமே சூடாக்கும். ஆனால் முழுவதும் இளகிவிட்ட எலிக்குக் கடைசி நிமிடத்தில் அவை நன்றாக உதவும், குறிப்பாகப் பைத்தான் (மலைப்பாம்பு) வகைகளுக்கு. பந்துபோலச் சுருண்டுகொள்ளும் பால் பைத்தானின் (ball python) உதட்டோரத்தில் வெப்பத்தை உணரும் குழிகள் இருக்கின்றன. சுற்றுப்புறத்தைவிட இரை சூடாக இருந்தால்தான் அதற்கு இரை தெளிவாகத் தெரியும். உயிருள்ள எலியின் உடல் சுமார் 37 டிகிரி இருக்கும். அந்த அளவை எட்டியதும், தலைப்பக்கம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சூடேற்றி நீட்டினால், அது பெரும்பாலும் தலையைக் குறிவைத்தே பாயும். கார்ன் பாம்புக்கும் கிங் பாம்புக்கும் அந்தக் குழிகள் கிடையாது. அவை நாக்கை நீட்டி வாசனையைப் பிடித்தே இரையை அறிகின்றன. சற்று வெதுவெதுப்பாக இருந்தாலே தயங்காமல் எடுத்துக்கொள்ளும். உணவை மறுக்கும் பைத்தானுக்குச் சொல்லப்படும் யோசனைகளைக் கார்ன் பாம்பு வைத்திருப்பவர் பின்பற்ற வேண்டிய அவசியம் இல்லை.

உள்ளே இளகிவிட்டதா என்பதை எப்படி உறுதி செய்வது? அகச்சிவப்பு வெப்பமானி தோலின் வெப்பத்தை மட்டுமே சொல்லும். 38 காட்டுகிறது என்று நம்பிக் கொடுப்பது ஆபத்து. விரல்களே சிறந்த கருவி. பையின் மேலாக எலியின் கடைசி விலா எலும்புக்குக் கீழே, வயிற்றின் நடுவில், கட்டை விரலாலும் ஆட்காட்டி விரலாலும் மெதுவாக அழுத்திப் பாருங்கள். இளகிய வயிறு ஒரே சீராக அமுங்கும். இளகாத வயிற்றில், மெத்தென்ற சதைக்குள் ஒரு கூழாங்கல் நகர்வதுபோல விரலுக்குத் தட்டுப்படும். அதோடு நெஞ்சுக்கூட்டையும் தொடைகளின் தடித்த பகுதியையும் பாருங்கள். பின்னங்கால் மூட்டு தடையின்றி மடங்க வேண்டும். சந்தேகம் வந்தால் இன்னும் பத்து நிமிடம் நீரில் விடுவதில் எந்த இழப்பும் இல்லை.

உள்ளே பனியோடு விழுங்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. வயிற்றுக்குள் ஒரு பனிக்கட்டி போனால் அந்த இடமே குளிர்ந்து, செரிமானம் தடைப்பட்டு, இரை உள்ளேயே அழுகத் தொடங்கும். பாம்பு அதைக் கக்கிவிடும். கக்கும்போது வயிற்று அமிலம் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். அதன்பின் குறைந்தது பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை இரையே கொடுக்காமல் விட்டு, பிறகு வழக்கத்தைவிடச் சிறிய இரையோடு தொடங்க வேண்டியிருக்கும். மறுபடியும் கக்கினால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

இளகிய எலியின் வயிறு பச்சை நிறமாக மாறி உப்பியிருந்தாலோ, ரோமம் கையோடு உதிர்ந்து வந்தாலோ, வீச்சம் அடித்தாலோ, அதைக் கொடுக்காதீர்கள். பாம்பு முகர்ந்துவிட்டு ஒதுக்கிய எலியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூண்டில் விடக் கூடாது. வெப்பமான கூண்டில் அது அதைவிட விரைவாகவே கெடும். ஒருமுறை சூடேற்றிய எலியை மறுபடி உறைய வைக்கும் பழக்கமும் வேண்டாம். எடுத்துப் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள். இடுக்கி, டப்பா, நீர் வைத்த பாத்திரம் ஆகிய எல்லாவற்றையும் சமையல் பாத்திரங்களோடு கலக்காமல் தனியே வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சோப்பு நீரில் கழுவிக் கிருமிநாசினியில் அலசி எடுங்கள். கைகளைச் சோப்புப் போட்டு இருபது வினாடியாவது தேய்த்துக் கழுவுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளையும், முதியவர்களையும், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களையும் இந்த வேலையின் பக்கமே விடாதீர்கள். சால்மோனெல்லா அவர்களைத்தான் மிகக் கடுமையாகத் தாக்கும்.