பயிற்சி, பாண்ட், பெஞ்ச்: பட்டதாரிகளை கிளையன்டிடம் அனுப்பும் கம்பெனியில் என் அனுபவம்

பட்டதாரிகளைச் சேர்த்து, இரண்டு மூன்று மாதம் ஐடி பயிற்சி கொடுத்து, வங்கி, இன்ஷூரன்ஸ் கம்பெனி போன்ற கிளையன்டிடம் வேலைக்கு அனுப்பி வைக்கும் நிறுவனங்கள் தென்னாப்பிரிக்காவில் இருக்கின்றன. அப்படி ஒன்றில் 2021 தொடக்கத்தில் சேர்ந்து 2023இல் வெளியே வந்தேன். டர்பனில் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் நம் பிள்ளைகள், சேரலாமா அக்கா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சேரலாம். ஆனால் பயிற்சியின் பாடத்திட்டத்தைப் பார்த்து மயங்கிச் சேர வேண்டாம். பாடத்திட்டம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். உங்கள் அடுத்த இரண்டு வருடம் எப்படி இருக்கும் என்பது ஒப்பந்தத்தில் பாண்ட் (குறித்த காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை) பற்றியும் பெஞ்ச் (ஒரு கிளையன்ட் வேலை முடிந்து அடுத்தது கிடைக்கும் வரை காத்திருக்கும் காலம்) பற்றியும் இருக்கும் இரண்டு பத்திகளில்தான் இருக்கிறது.

நான் ஏன் சேர்ந்தேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா தமிழ்நாட்டிலிருந்து கோயில் வேலைக்காக வந்தவர். நாங்கள் இருப்பது டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில். ஐடி கம்பெனிகளில் எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. விண்ணப்பித்த இடமெல்லாம் ஒரே கேள்வி: இரண்டு வருட அனுபவம் உண்டா? இந்த நாட்டில் 15 முதல் 34 வயது வரை உள்ளவர்களின் வேலையின்மை 2024 முதல் காலாண்டில் 45.5 சதவீதம். பட்டம் இருந்தால் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். அனுபவம் இல்லாதவரை எடுத்து, சம்பளமும் கொடுத்து, பெரிய வங்கிக்குள் அனுப்புகிறோம் என்று ஒருவர் சொல்லும்போது, வேண்டாம் என்று சொல்ல என்னிடம் காரணம் எதுவும் இல்லை.

பயிற்சி கொரோனா காலம் என்பதால் முழுக்க ஆன்லைனில். ஏறக்குறைய இரண்டரை மாதம். தரவுத்தளத்தில் தகவல் தேடும் எஸ்.கியூ.எல் மொழி, எக்செல், மென்பொருள் சோதனை, கிளையன்டுக்கு என்ன தேவை என்று ஆவணம் எழுதுவது, குழுவாகச் சிறு கட்டங்களில் வேலை செய்யும் ஸ்க்ரம் முறை. வாரக் கடைசியில் தேர்வு. இரண்டு முறை தவறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பாடங்களில் பாதிக்கு மேல் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை. எனக்கு உண்மையில் உதவியது மாதிரி நேர்காணல்கள்தான். வாரம் தவறாமல் யாராவது ஒருவர் கிளையன்ட் மாதிரி உட்கார்ந்து துருவித் துருவிக் கேட்பார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எப்போது பதில் தருவேன் என்பதையும் சேர்த்துச் சொல்லும் பழக்கம் அங்கேதான் வந்தது. இன்றைக்கும் கூட்டங்களில் அது கைகொடுக்கிறது.

பயிற்சிக் காலத்தில் மாதம் 7,000 ரேண்ட் உதவித்தொகை. கிளையன்டிடம் போன பிறகு 16,000. ஜோகன்னஸ்பர்க்கின் சாண்ட்டனில் ஒரு வங்கியில் இடம் கிடைத்தது என்றதும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் ஜோகன்னஸ்பர்க்குக்குக் குடிபோகும் செலவை யார் தருவது என்று யாரும் சொல்லவில்லை. அறைக்கு முன்பணம், முதல் மாத வாடகை, ரயில் அட்டை எல்லாம் முதல் வாரமே கட்ட வேண்டும். சம்பளமோ 25ஆம் தேதிதான். கோயில் வழியாக அறிமுகமான ஒரு யாழ்ப்பாணக் குடும்பம் மிட்ராண்டில் தங்கள் வீட்டுப் பின்னறையைக் கொடுத்து, முன்பணத்தை மூன்று மாதத்தில் பிரித்துத் தா பிள்ளை என்றார்கள். அவர்கள் இல்லாவிட்டால் அந்த வேலைக்கு நான் போயிருக்கவே முடியாது. எல்லோருக்கும் அப்படிக் குடும்பம் கிடைக்காது. அதனால் இடமாற்றச் செலவு யாருடையது என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

வேலை மிக நல்ல வேலை. இதை நான் முழு மனதோடு சொல்கிறேன். கணக்கிலிருந்து மாதாமாதம் பணம் பிடிக்கும் டெபிட் ஆர்டர் முறையை அந்த வருடம் நாடு முழுக்க மாற்றிக்கொண்டிருந்தார்கள். வாடிக்கையாளரே மின்னணு வழியில் ஒருமுறை ஒப்புதல் தந்த பிறகுதான் பணம் பிடிக்கலாம் என்ற டெபிசெக் வந்த நேரம். ஒப்புதல் கேட்டு வாடிக்கையாளர் பதிலே சொல்லாவிட்டால் என்ன, மறுத்துவிட்டால் என்ன, தவணைத் தொகை மாறினால் என்ன என்று ஒவ்வொரு நிலைமையையும் யோசித்துச் சோதிப்பது என் பொறுப்பு.

அதே நேரத்தில், 2021 ஜூலை 1 முதல், தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான பாப்பியா முழுமையாக அமலுக்கு வந்தது. சோதனைக்கு உண்மையான வாடிக்கையாளர்களின் அடையாள எண்களை எடுத்துப் பயன்படுத்தக் கூடாது என்றார்கள். அப்போதுதான் நம் அடையாள எண்ணுக்குள் இருக்கும் கணக்கைக் கற்றேன். மொத்தம் 13 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த நான்கு 5000க்குக் கீழே இருந்தால் பெண், 5000 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆண். அப்புறம் குடியுரிமையைக் காட்டும் ஓர் இலக்கம், அதை அடுத்து இப்போது தனிப் பொருள் இல்லாத ஓர் இலக்கம். கடைசி இலக்கம் லூன் என்ற கணக்கு முறைப்படி மற்ற இலக்கங்களிலிருந்து வரும் சரிபார்ப்பு எண். இந்த விதிகளுக்குப் பொருந்துகிற பொய் எண்களை ஆயிரக்கணக்கில் உருவாக்கும் ஒரு சிறு நிரலை எழுதினேன். குழு முழுக்க அதைப் பயன்படுத்தியது. பயிற்சிக் கூடத்தில் இதில் ஒரு வரிகூட இல்லை. வங்கிக்குள் உட்கார ஒரு நாற்காலி கிடைத்ததால் கற்ற விஷயம் இது. இந்த மாதிரி நிறுவனங்கள் நமக்குத் தரும் பெரிய சொத்து அந்த நாற்காலிதான்.

சரி, கசப்பான பகுதிக்கு வருகிறேன்.

அந்த ஜூலையில்தான் டர்பனில் கலவரம். கடைகள் எரிந்தன, நெடுஞ்சாலை மூடிக் கிடந்தது, சாட்ஸ்வொர்த்தில் ஆண்கள் தெருமுனையில் இரவெல்லாம் காவல் நின்றார்கள். டர்பனிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்த எங்கள் தொகுதி நண்பர்கள் சிலரால் அந்த நாட்களில் கணினியைத் திறக்க முடியவில்லை. அந்த நாட்களை ஆண்டு விடுப்பில் கழித்துக்கொள்ளச் சொன்னது எங்கள் கம்பெனி. காரணம் எளிது: வேலை செய்த நேரத்தைப் பதியும் டைம்ஷீட்டில் கிளையன்ட் கையெழுத்துப் போடாத நாளுக்குக் கம்பெனிக்கு வருமானம் இல்லை. வங்கியின் சொந்த ஊழியர்களுக்கு அதே நாட்கள் சம்பளத்தோடு போயின. ஒரே குழு, ஒரே வேலை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பக்கத்து வீட்டு மாமா ஆடைத் தொழிற்சாலைத் தொழிற்சங்கத்தில் பல வருடம் இருந்தவர். இதைச் சொன்னதும் அவர் கேட்டார்: “சம்பளம் ஒருத்தன் தாரான், வேலை ஒருத்தன் வாங்குறான். அப்போ உனக்கு மொதலாளி யாரும்மா?” அதற்குச் சட்டத்தில் பதில் உண்டு என்று அவர்தான் எடுத்துக் காட்டினார். தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 198ஏ பிரிவு 2015 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு நிறுவனம் ஆளை எடுத்து இன்னொரு நிறுவனத்துக்கு வேலைக்கு அனுப்பி, மூன்று மாதத்துக்கு மேல் அங்கேயே வேலை செய்தால், அந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை கிளையன்ட்தான் முதலாளி என்று கொள்ள வேண்டும். கிளையன்டின் சொந்த ஊழியரைவிட மோசமாக நடத்தவும் கூடாது. 2018இல் அரசியலமைப்பு நீதிமன்றம், கிளையன்ட் மட்டுமே முதலாளி என்று இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது.

ஆனால் இதற்கு ஒரு வருமான வரம்பு உண்டு. 2021 மார்ச்சில் அது வருடத்துக்கு 211,596 ரேண்ட். என் 16,000ஐ 12ஆல் பெருக்கினால் 192,000, வரம்புக்குள் வருகிறேன். அடுத்த வருடம் சம்பளத்தை 19,500 ஆக்கினார்கள். வருடத்துக்கு 234,000. அப்போது வரம்பு 224,080. சம்பள உயர்வு வந்த நாளில் அந்தப் பாதுகாப்பு என்னைவிட்டுப் போனது. இதைத் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கையில் பேஸ்லிப் வந்ததும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வரம்பு அவ்வப்போது உயர்கிறது. 2025 ஏப்ரலில் 261,748 ரேண்ட். இன்னொன்று, நாங்கள் ஆள் அனுப்பும் நிறுவனம் இல்லை, ஆலோசனை நிறுவனம் என்று சிலர் வாதாடுவார்கள். தினமும் உங்களுக்கு வேலை சொல்வது யார், உங்கள் டைம்ஷீட் எதற்காக என்று பார்த்தாலே உண்மை புரிந்துவிடும்.

இனி பாண்ட். என் ஒப்பந்தத்தில் இரண்டு வருடம், 84,000 ரேண்ட். நடுவில் விலகினால் பயிற்சிச் செலவு என்று அதைத் திருப்பிக் கட்ட வேண்டும். 24 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 3,500 குறைந்துகொண்டே வர வேண்டும் இல்லையா? என் ஒப்பந்தத்தில் கடைசி நாள் வரை முழுத்தொகை. அதோடு இன்னொரு வரியும்: பெஞ்சில் இருக்கும் காலம் அந்த இரண்டு வருடத்தில் சேராது. வங்கித் திட்டம் முடிந்து அடுத்த கிளையன்ட் கிடைக்கும் வரை நான் பெஞ்சில் இருந்தேன். சம்பளம் மறுபடி 7,000 ஆனது, பாண்ட் கடிகாரமும் நின்றது. மிட்ராண்ட் வாடகை மட்டும் நிற்கவில்லை. கிளையன்ட் தேடித் தருவது கம்பெனியின் வேலை. அது நடக்காத மாதங்களின் பாரத்தை 22, 23 வயதுப் பிள்ளைகளின் தலையில் வைப்பது அநியாயம் என்றே சொல்வேன்.

எங்கள் தொகுதியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தம்பி ஒருவன் ஒரு வருடம் கழித்து வேறு வேலைக்குப் போனான். அவனுடைய கடைசிச் சம்பளம் முழுவதையும் பிடித்துக்கொண்டு, மீதிக்கும் கடிதம் அனுப்பினார்கள். “அக்கா, அம்மாகிட்ட என்னன்னு சொல்றது” என்று போனில் அழுதான். பக்கத்து வீட்டு மாமா அவனை ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் அனுப்பினார். அங்கே தெரிந்தவை எல்லோருக்கும் தெரிய வேண்டியவை. எந்தக் கடனுக்காக என்று குறிப்பிட்டு ஊழியர் எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தாலோ, சட்டமோ கூட்டு ஒப்பந்தமோ நீதிமன்றமோ அனுமதித்தாலோ தவிர, சம்பளத்தில் கை வைக்க முடியாது. அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு அது. 1962ஆம் ஆண்டு ஒப்பந்த அபராதச் சட்டத்தின் 3ஆம் பிரிவு இன்னும் முக்கியம்: ஒப்பந்தத்தில் எழுதிய அபராதம், உண்மையில் ஏற்பட்ட பாதிப்புக்குப் பொருந்தாத அளவு பெரிதாக இருந்தால் நீதிமன்றம் அதைக் குறைக்கலாம். வழக்கறிஞர் கடிதம் போனதும் கம்பெனி பேச்சுக்கு வந்தது. அவன் சிறு தொகை கட்டி முடித்துக்கொண்டான்.

பயிற்சி, வேலையோடு சேர்ந்த படிப்பாகப் பதிவு செய்யப்பட்ட லெர்னர்ஷிப்பா என்றும் கேளுங்கள். அப்படியானால் கம்பெனிக்கு வருமான வரியில் 12எச் பிரிவின் கீழ் கழிவு உண்டு. டிப்ளமா வரை படித்தவருக்கு வருடத்துக்கு 40,000 ரேண்ட், பட்டதாரிக்கு 20,000. வரியில் கழித்துக்கொண்ட பயிற்சிக்கு முழுச் செலவையும் உங்களிடம் கேட்பது எப்படி நியாயம் என்று நேர்காணலிலேயே மரியாதையாகக் கேட்கலாம். நல்ல நிறுவனம் கோபப்படாது. பதிவுக் கட்டணம், இடம் பிடித்துத் தரும் கட்டணம் என்று முன்கூட்டியே பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்குவதை 2014ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சேவைச் சட்டம் தடுக்கிறது.

கம்பெனிக்கு எவ்வளவு லாபம் என்று கேட்பவர்களுக்கு: இரண்டாவது கிளையன்டிடம் ஒரு பட்ஜெட் கூட்டத்தில் என் பெயருக்கு எதிரே இருந்த தொகையைத் திரையில் பார்த்தேன். என் சம்பளத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல். பார்த்த அன்று தூக்கம் வரவில்லை. ஆனால் யோசித்தால், பயிற்சியாளர் சம்பளம், பெஞ்சில் இருப்பவர்களின் தொகை, விடுப்பு நாட்கள், கிளையன்டைத் தேடும் ஆட்கள் எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. லாபம் வைப்பதில் எனக்குக் குறையில்லை. அவ்வளவு லாபம் வைத்துவிட்டு பெஞ்ச் மாதங்களில் 7,000 கொடுப்பதுதான் வலிக்கிறது.

பாண்ட் முடிந்ததும் அந்த இரண்டாவது கிளையன்டே என்னைச் சொந்த ஊழியராக எடுத்துக்கொண்டது. ஆறு மாதம் கிளையன்டிடம் சேரக் கூடாது என்று ஒரு தடை என் ஒப்பந்தத்தில் இருந்தது. இங்கே இத்தகைய தடைகள் செல்லும். நியாயமற்றது என்று காட்டுவது ஊழியரின் பொறுப்பு என்பது 1984 முதல் இருக்கும் தீர்ப்பு. என் விஷயத்தில் கிளையன்ட் கம்பெனிக்கு ஒரு தொகை கட்டித் தடையை நீக்கியது. இதை எல்லா கிளையன்டும் செய்யமாட்டார்கள். இரண்டு வருடம் முடிந்தவருக்குத் தடை இல்லை என்று எழுதித் தரும் நிறுவனங்களும் இருக்கின்றன, தேடிப் பாருங்கள்.

பெற்றோரின் மருந்துச் செலவோ தம்பி தங்கை படிப்போ உங்கள் சம்பளத்தை நம்பி இருக்கிறது என்றால், பெஞ்சில் முழுச் சம்பளம் தரும் இடமாகப் பார்த்துச் சேருங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் பொறுத்து வேறு வழி தேடுவது மேல். அந்தச் சுமை இல்லாதவர்கள் ஒப்பந்தத்தை வாங்கி, கையெழுத்துப் போடும் முன் ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். மாதாமாதம் குறையும் பாண்ட், பெஞ்ச் காலமும் சேரும் கணக்கு, இடமாற்றச் செலவு, இந்த மூன்றையும் மின்னஞ்சலில் கேளுங்கள், போனில் வேண்டாம். நான் சேர்ந்த வருடத்துக்கு அடுத்த தொகுதியில் நான்கைந்து பேர் சேர்ந்து கேட்டு, பாண்டை மாதாமாதம் குறைய வைத்துவிட்டார்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள், காரணமில்லாமல் வேலையிலிருந்து நீக்கினால், தொழிலாளர் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் அமைப்பான சிசிஎம்ஏவுக்குப் போகலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. ஆனால் நீக்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும்.