தசைநாண் கிழிந்த குதிரைக்குக் கைநடைப் பயிற்சி: ஒரு வருடத்துக்குப் பிறகு

ரேஸ் ஓடி ஓய்ந்த குதிரை ஒன்றை நுவரெலியாவில் சவாரிக்கு வைத்திருக்கிறோம். முன்னங்காலின் பின்பக்கத் தசைநாண் கிழிந்து வாழைக்காய் போல வளைந்து புடைத்தது. மிருக வைத்தியர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, தேற 9 முதல் 12 மாதமாவது ஆகும், அவசரப்பட்டால் மறுபடி கிழியும் என்றார். புதிதாக வளரும் நார், பழையதைப் போல இழுபடாதாம். ஒரு வருடம் தாண்டிவிட்டதால் எது உதவியது, எது காசுக்குக் கேடு என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

என் கணக்கில் முதலிடம் ஒரு சாதாரண முகக்கயிற்றுக்கும் 12 அடிப் பருத்திக் கயிற்றுக்கும்தான். அடைத்தே வைத்திருந்த குதிரையை வெளியே கொண்டுவரும் முதல் சில நிமிடம்தான் பெரிய ஆபத்து. ஒரு துள்ளல் போதும், ஆறி வந்த நார் போய்விடும். அதனால் கைநடை, அதாவது மேலே ஏறாமல் கயிற்றைப் பிடித்து நடத்துவது, தொடங்கும் முன்பே லாயத்துக்குள் வைத்துச் சும்மா நிற்கவும், கயிறு அசைந்தால் ஓரடி பின்வாங்கவும், தலையைத் தாழ்த்தவும் பழக்கினோம். பின்வாங்கிய அந்த நொடியிலேயே கயிற்றைத் தளர்த்த வேண்டும். அதற்குக் கூலி அதுதான். கரட் துண்டெல்லாம் அப்புறம். "அண்ணே, காத மடக்குது, கொஞ்சம் நில்லுங்க" என்பான் லாயத்துத் தம்பி. அநேகமாக அவன் சொன்னது சரியாகவே இருக்கும்.

நடை 5 நிமிடத்தில் ஆரம்பம், வாரத்துக்கு இன்னொரு 5 நிமிடம். தரை இறுகிச் சமமாக இருக்க வேண்டும், நேராகவே நடத்த வேண்டும். நம் மலையில் இதற்கு எங்கே போவது? இறக்கத்தில் பாரம் முழுக்க முன்னங்காலில் விழும், சேற்றில் கால் இழுபடும். சமதளமாகக் கிடைத்த ஒரே துண்டில்தான் போய் வந்துகொண்டிருந்தோம். கயிற்றில் கட்டி வட்டமாகச் சுற்றவிடும் யோசனையைச் சிலர் சொன்னார்கள். சின்ன வட்டம் இந்தக் காலுக்கு விஷம்.

தண்ணீர்க் குழாய்க்கும் முழு மதிப்பெண். வெளியூரில் ஐஸ் தேடுகிறார்கள். இங்கே விடியற்காலைத் தண்ணீரே விறைக்க வைக்கும். வீக்கம் இருந்த நாட்களில் ஒரு தடவைக்கு 15, 20 நிமிடம் பீச்சினோம். குளம்புக்கு மேலே உள்ள பள்ளத்தைத் துடைத்துக் காயவைக்காவிட்டால் தோல் வெடித்துவிடும்.

பெரிய விலை கொடுத்து வரவழைத்த பண்டேஜ்தான் ஏமாற்றம். மழைக்காலத்தில் அது காயவே இல்லை, ஈர ஓரம் தோலை உரசியது. ஒரே சீராகச் சுற்றத் தெரியாத கைக்கு அது வேண்டாம். ஓரிடத்தில் இறுகினாலே தசைநாணுக்குக் கேடு.

தரையில் கட்டை போட்டுத் தாண்டி நடக்க வைத்தது, அடுத்த ஸ்கேன் நன்றாக வந்த பிறகுதான். உருண்டையான கட்டை காலில் பட்டு உருளும், இரு முனையிலும் மணல் மூட்டை வைத்துவிடுங்கள்.

இப்போது லேசான ஆட்களை ஏற்றி நடை மட்டும். தினமும் காலையில் புறங்கையால் இரண்டு முன்னங்காலையும் தடவி ஒப்பிடுகிறோம். முந்தின நாள் வேலை கூடிப்போனால் மறுநாள்தான் தெரியும். ஒன்று சூடாக இருந்தால் அன்றைக்கு லீவு, ஏப்ரல் சீசன் கூட்டம் வாசலில் நின்றாலும் சரி.