பயன்படாத புகைபோக்கியில் ஓதம்: மூடி போடுவதா, இடித்து இறக்குவதா?

பழைய வீட்டில் கணப்பு (அறையைச் சூடாக்கும் சுவர் அடுப்பு) எரிந்து பல வருடம் ஆன பிறகும் புகைபோக்கி மட்டும் மழையைக் குடித்துக்கொண்டே இருக்கும். சுற்றிலும் சுவரில் ஓதம் (ஈரக்கசிவு) படர்ந்தால் வழி இரண்டு: உச்சியில் மூடி போட்டு வைத்துக்கொள்வது, அல்லது கூரைக்குக் கீழே வரை இடித்து இறக்குவது.

மூடிக்குச் செலவு குறைவு. ஆனால் அது காற்று போகும் மூடியாக இருக்க வேண்டும். கீழே கணப்பு வாயை அடைத்திருந்தால் அங்கேயும் ஒரு காற்றுத் துளை வேண்டும். இரண்டு முனையையும் இறுக அடைத்தால், உள்ளே இருக்கும் ஈரம் குளிர்ந்த செங்கல்லில் வியர்த்து ஓதம் முன்பைவிட மோசமாகும். நிறையப் பேர் தவறுவது இங்கேதான். அப்புறம், கூரையோடு சேரும் இடத்து ஈயத் தகட்டையும் செங்கல் இடைக்காரையையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். பழைய சுண்ணாம்புக் காரைமேல் சிமெண்ட் பூசாதீர்கள். ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிடும்.

இடித்தால் மழை நுழையும் வாசலே இல்லை. சாரம், கூரை வேலை என்று செலவு ஏறும். பக்கத்து வீட்டோடு பொதுவானது என்றால் அவர்களைக் கேட்காமல் தொடக் கூடாது. கூரைக்குக் கீழே மிச்சமிருக்கும் புகைக்குழலுக்கும் காற்று தேவை.

செங்கல் உறுதியாக இருந்தால் மூடி போதும் என்பேன். சாய்ந்தோ உதிர்ந்தோ நிற்பதை இறக்கிவிடுங்கள்.

எதைச் செய்தாலும் புகைக்கரியிலிருந்து இறங்கிய உப்பு சுவரிலேயே இருக்கும். அது காற்றின் ஈரத்தை இழுப்பதால் மழையில்லாத நாளிலும் பழுப்புக் கறை தெரியும். உப்பு ஏறிய சுவர்ப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் பூச வேண்டும்.