லீஸா, லைசென்ஸா?

மும்பையில் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ வாடகைக்கு வீடு பார்ப்பவர்கள் இரண்டையும் 'அக்ரிமென்ட்' என்று ஒரே வாளியில் போட்டுவிடுகிறார்கள். இரண்டும் 'ல'வில் தொடங்குவதைத் தவிர உறவு கிடையாது. லீஸின் லத்தீன் வேர் 'தளர்த்து'. லைசென்ஸின் வேர் 'அனுமதி உண்டு'.

லீஸ் எடுத்தால் அந்த வீட்டின் மீதே ஓர் உரிமை கைமாறுகிறது (1882 சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 105). லைசென்ஸில் அப்படி எதுவும் கைமாறாது. இருந்துகொள்ள அனுமதி, அவ்வளவே. மும்பை ஒப்பந்தங்களில் வரும் 'லீவ் அண்ட் லைசென்ஸ்' என்பதிலுள்ள லீவும் விடுமுறையல்ல, அதே அனுமதிதான்.

மும்பை உரிமையாளர்கள் பெரும்பாலும் லைசென்ஸையே விரும்புவதற்குக் காரணம் உண்டு. கெடு முடிந்தும் காலிசெய்யாவிட்டால், 1999 மகாராஷ்டிர வாடகைச் சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி குடியிருப்பவர் ஒப்பந்தத் தொகையைப் போல் இருமடங்கு கட்ட நேரும். ஆனால் எழுதிப் பதிவு செய்யும் பொறுப்பு உரிமையாளருடையது (பிரிவு 55). 11 மாதம்தானே என்று பதியாமல் விட்டால், தகராறில் குடியிருப்பவர் சொல்லும் நிபந்தனையே முதலில் எடுபடும். மறுப்பை நிரூபிப்பது உரிமையாளர் பாடு.

தலைப்பை மட்டும் நம்பாதீர்கள்: உள்ளே முழு, தனி அனுபோகம் (வீடு குடியிருப்பவர் வசம் மட்டுமே இருப்பது) எழுதியிருந்தால் 'லைசென்ஸ்' என்ற பெயர் நீதிமன்றத்தில் நிற்காமலும் போகலாம். பெங்களூரில் 'லீஸ்' என்றாலோ மொத்தப் பணம் கொடுத்து மாத வாடகையின்றி இருப்பது. அது வேறு கதை.