பார்படோஸில் ஐந்து வருட மளிகைக் கணக்கு

2020 செப்டம்பரில் பார்படோஸ் வந்து இறங்கினோம். அந்த ஜூலையில்தான் 'வெல்கம் ஸ்டாம்ப்' என்று பன்னிரண்டு மாத விசா ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். வெளிநாட்டுக் கம்பெனி வேலையை இங்கே உட்கார்ந்தே பார்க்கலாம். குடும்பத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் கட்டணம். ஒரு வருடம் கடலைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவதாகத்தான் பேச்சு. ஐந்து வருடம் ஓடிவிட்டது. "அங்க விலைவாசி எப்படிக்கா?" என்று கேட்கிற எல்லோருக்கும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டதால், மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

வந்த முதல் மாதம் மூன்று பேருக்கு மளிகை, காய்கறி, மீன் எல்லாம் சேர்த்து 2,140 பார்படோஸ் டாலர். நோட்டில் இன்னும் இருக்கிறது, பக்கத்திலேயே பெரிய கேள்விக்குறியோடு. 1975 முதல் இரண்டு பார்படோஸ் டாலருக்கு ஒரு அமெரிக்க டாலர் என்று கட்டிவைத்த மதிப்பு. அதனால் பாதியாக்கி, பிறகு ரூபாயால் பெருக்கிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. "இதுக்கு ஹோட்டல்லயே சாப்பிட்டிருக்கலாமே" என்றார் வீட்டுக்காரர். ஹோட்டல் விலை அவருக்கு அப்போது தெரியாது.

வெளியூர்க்காரர்களைப் பார்த்து விலையை ஏற்றுகிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். சூப்பர் மார்க்கெட்டில் அப்படி எதுவும் இல்லை. எனக்கு முன்னால் நிற்கும் உள்ளூர்ப் பாட்டிக்கும் அந்த வெண்ணெய் அதே விலைதான். அவருடைய பென்ஷனை நினைத்தால் என்னைவிட அவருக்குத்தான் வலி. வித்தியாசம் கூடையில் இருந்தது. என் கூடையில் பாதாம், ஆப்பிள், அமெரிக்க சீரியல், பாக்கெட் துவரம்பருப்பு. எல்லாமே கப்பலில் வந்தவை.

கப்பல் கணக்கு எனக்குப் புரிந்தது ஒரு குக்கர் கேஸ்கட்டால். இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. ஆன்லைனில் வாங்கினால் நேராக வீட்டுக்கு வராது. மயாமியில் இருக்கும் ஒரு பார்சல் ஏஜென்ட்டின் முகவரிக்கு வரும், அங்கிருந்து அவர்கள் அனுப்புவார்கள். பன்னிரண்டு டாலர் ரப்பர் வளையம் கைக்கு வந்தபோது ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகியிருந்தது. ரசீதை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன்.

சுங்கவரியைப் பொருளின் விலைக்கு மட்டும் போடுவதில்லை. கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்த தொகைக்குப் போடுகிறார்கள். அந்த வரியும் சேர்ந்த தொகைக்கு மேல் 17.5 சதவீத வாட். நூறு டாலர் பொருளுக்கு இருபது டாலர் கூலி என்று வையுங்கள். 20 சதவீத வரி 24 டாலர், ஆக 144. அதன்மேல் வாட் 25.20. மொத்தம் 169.20. கடைக்காரர் இன்னும் தன் லாபத்தை வைக்கவே இல்லை. கூலிக்கும் வரி, வரிக்கும் வரி.

அந்தக் கூலியும் சும்மா ஏறியதல்ல. தீவே 431 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை மூன்று லட்சத்துக்கும் கீழே. எந்த இறக்குமதியாளரும் பெரிய அளவில் வாங்கி விலையைக் குறைக்க முடியாது. சரக்கோடு வரும் கண்டெய்னர்களில் பெரும்பாலானவை காலியாகவே திரும்புகின்றன. திரும்பும் செலவும் வரும் சரக்கின் தலையில்தான் விழும்.

வரியில் உள்ளூர் விவசாயியைக் காக்கும் கணக்கும் உண்டு. இறக்குமதிக் கோழிக்கு 184 சதவீதம் வரை போகிறது. இதில் எனக்குப் பெரிய கோபம் இல்லை. கோழிப்பண்ணையும் இல்லாமல் போனால் இந்தத் தீவில் என்ன மிஞ்சும்?

வெளியூர்க்காரர் உண்மையிலேயே ஏமாறுகிற இடம் வேறு. மேற்குக் கடற்கரைப் பக்கம் விலைப்பலகையில் வெறும் டாலர் குறிதான் இருக்கும். எந்த டாலர் என்று இருக்காது. நான் ஒருமுறை டாக்சியில் நாற்பது என்று கேட்டு, உள்ளூர்க் காசு என்று நினைத்து ஏறி, எண்பது கொடுத்து இறங்கினேன். இப்போது வாயைத் திறந்ததும் முதல் கேள்வி, "பேஜனா, யூஎஸ்ஸா?" (பேஜன் என்றால் பார்படோஸ் காசு.) வாடகையும் அப்படித்தான், அமெரிக்க டாலரில் விளம்பரம் வந்தால் அந்த வீட்டைப் பார்க்கவே போகாதீர்கள், நாலு தெரு உள்ளே தள்ளிப் போங்கள். கூரையில் சூரிய ஒளி வெந்நீர்க் கலன் இருக்கிறதா என்று பாருங்கள். எழுபதுகளிலிருந்தே இங்கே அது பரவலாக உண்டு. மின்சாரத்தில் பெரும்பங்கு இறக்குமதி எண்ணெயில் ஓடுவதால், எண்ணெய் ஏறினால் மாதக் கடைசியில் பில்லும் ஏறும். ஏசியை நாங்கள் இரவில் மட்டும் போடுகிறோம்.

மின்சாரம் என்றதும் மிக்ஸி ஞாபகம் வருகிறது. இங்கே 115 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஊரிலிருந்து தூக்கிவந்த மிக்ஸி ஓடவில்லை, முனகியது. அதற்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினேன். செங்கல்லைப் போல அடுப்பு மேடையில் உட்கார்ந்திருக்கிறது. சரி, அமெரிக்க சாமானாவது ஒத்துப்போகும் என்று பழைய மைக்ரோவேவ் ஒன்று வாங்கினோம். அது 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது, அதன் கடிகாரம் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கியது. காலை ஆறுக்குச் சரிசெய்து வைத்தால், மதியம் பன்னிரண்டுக்கு அதில் பதினொன்று. கடிகாரத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன்.

செலவு இறங்கியது சீப்சைடு சந்தைக்குப் போகத் தொடங்கிய பிறகு. பெயரில் சீப் இருக்கிறது என்று நான் போட்ட மொக்கை ஜோக்கை வீட்டில் யாரும் மன்னிக்கவில்லை. அங்கே போனால் பாதி நம் காய்தான். 'எடோ' என்பது சேப்பங்கிழங்கு. 'கிறிஸ்டஃபீன்' என்பது சௌசௌ. வெண்டை, பூசணி, மரவள்ளி, சர்க்கரைவள்ளி, ஈரப்பலா. இதையெல்லாம் விட்டுவிட்டு நான் ஒரு வருடம் உறைந்த பிராக்கோலிக்குக் காசு கொட்டியிருக்கிறேன்.

புழுங்கலரிசிக்காக அலைந்ததும் வீண். கயானாவின் புழுங்கலரிசி இங்கே சாதாரணக் கடையிலேயே இருக்கிறது. கயானாவும் கேரிகாம் என்ற கரீபிய நாடுகளின் கூட்டமைப்பில் இருப்பதால் அதற்குச் சுங்கவரியும் இல்லை. இட்லி மல்லிகைப்பூ மாதிரி வராது. ஆனால் வரும். சாம்பாருக்கு டிரினிடாட்காரர்கள் 'தால்' செய்யும் மஞ்சள் பட்டாணிப்பருப்பு. முதல் நாள் பையன் முகம் சுளித்தான், இப்போது கேட்பதில்லை. கறிவேப்பிலை டிரினிடாட்காரர் ஒருவர் வீட்டுக் கொல்லையில் கிடைத்தது. அவர் அதைக் 'கரப்புலே' என்றார். அந்தக் காலத்தில் மதராஸிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களின் சொல், தேய்ந்தாலும் அழியாமல் இருந்திருக்கிறது. அன்று ஒரு கிளையோடு வந்தேன்.

போன மாத மளிகைக் கணக்கு 1,310 பார்படோஸ் டாலர். இடையில் எல்லா விலையும் ஏறியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குறையாத செலவும் உண்டு. பால், தயிர், நல்லெண்ணெய், பெருங்காயம். மீனையும் நம்ப முடியாது: 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் தெற்கே ஒதுங்கிப் போனபோதும் பிரிட்ஜ்டவுன் துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகள் நொறுங்கிப்போயின, அதற்குப் பின் பல நாள் பறவைமீன் பக்கமே போகவில்லை.

துவரம்பருப்பு பாக்கெட் மட்டும் இன்னும் எரிச்சல். அது இந்தியாவிலிருந்து அமெரிக்கா போய், நியூஜெர்சி ஸ்டிக்கரோடு இங்கே வருகிறது. சந்தையிலோ டிசம்பர் பக்கம் பச்சைத்துவரை குவிந்து கிடக்கும். கிறிஸ்துமஸுக்கு அதில் 'ஜக்-ஜக்' என்ற பண்டம் செய்ய ஊரே வாங்கும். போன வருடம் நான் மூன்று பை வாங்கியதும், "டார்லிங், வீட்டுல எத்தனை பேருக்கு ஜக்-ஜக்?" என்று கேட்டார் கடைக்காரம்மா. குழம்பு வைக்க என்றேன். நாலாவது பை ஒன்றை அவரே போட்டுவிட்டு, அடுத்த வாரம் அந்தக் குழம்பைக் கொண்டுவரச் சொன்னார்.